உடன் வந்தவர்

அந்த வாக்கியம் மூன்றாவது முறையாகத் திரையில் வந்தபோதுதான் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

‘வெளிச்சம் கூசவில்லை. வெளிச்சத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணை இறுக்க மூடித் திறந்தால் பின்பக்கமாகவே ஓர் அடி என் பக்கம் நகர்கிறார்.’

முதல் முறை பார்த்தபோது, பாவம், மனசு சரியில்லாத யாரோ என்று தாண்டிப் போயிருந்தாள். இரண்டாம் முறை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இப்போது மூன்றாவது. ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் மருத்துவர் வேறு, மருத்துவமனை வேறு, நோயாளியும் வேறு.

அவள் வேலை நோயாளிகளைப் பார்ப்பதல்ல, நோயாளிகளைப் பற்றி எழுதியதைப் பார்ப்பது. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். நான்கு மாதமாகக் கண் பிரிவு. கண் கூச்சத்துக்கு ஒரு குறியீடு உண்டு. கடைசி இலக்கம் ஒன்று என்றால் வலது கண், இரண்டு என்றால் இடது, மூன்று என்றால் இரண்டும். எந்தக் கண் என்று எழுத மறந்துபோகும் மருத்துவர்களின் புண்ணியத்தில் ஒன்பது என்று ஓர் இலக்கமும் உண்டு. கூச்சத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் இது எதுவும் வேண்டாம், காரணத்துக்கான குறியீட்டைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். காரணம் தெரியாதவரைதான் கூச்சம் கூச்சமாகவே நிற்கும்.

நோயாளி தன் வாயால் சொல்வதற்கெல்லாம் குறியீடு கிடையாது. மருத்துவர் முடிவாக எழுதியது மட்டும்தான் செல்லும். அதனால் குறிப்பில் ‘நோயாளி சொன்னது’ என்ற பகுதியை அவள் மேலோட்டமாகத்தான் பார்ப்பாள். அதற்கு மேலே ‘உடன் வந்தவர்’ என்று ஒரு வரி இருக்கும்: மனைவி, மகன், அண்ணன் என்று ஏதாவது. அந்த வரியை அந்த அலுவலகத்தில் ஒருவருமே பார்ப்பதில்லை.

ஆனால் அவளுக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். பிழை என்று ஒன்று மாட்டிவிட்டால் அதன் வால் வரை இழுத்துப் பார்க்காமல் அவளால் சாப்பிடப் போக முடியாது. பழைய குறிப்புகளில் அந்த வாக்கியத்தைத் தேடினாள். பதினொன்று வந்தது. ஐந்து மருத்துவமனைகள், ஒன்பது மருத்துவர்கள்.

பதில் உடனே தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்திருக்கும். மருத்துவர்களுக்கு நேரமில்லை. ஒருவருக்கு எழுதியதை நகலெடுத்து அடுத்தவர் குறிப்பில் ஒட்டிவிடுகிறார்கள். சென்ற வருடம் ஒரு முதியவர் குறிப்பில் அவர் ஏழு மாதக் கர்ப்பம் என்று ஒட்டப்பட்டு, அலுவலகமே இரண்டு நாள் சிரித்தது. இதுவும் அதே சோம்பேறித்தனம்தான். பதினொரு குறிப்புகளையும் பட்டியல் போட்டு, ‘ஒட்டப்பட்ட வாசகம், நீக்கப்பட வேண்டும்’ என்று எழுதித் தணிக்கைக்கு அனுப்பினாள்.

டீம் லீட் அவள் மேசைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன், சத்தம்தான் கொஞ்சம் கூட.

“பூதக்கண்ணாடி மறுபடியும் ஒரு மீனைப் பிடிச்சிருச்சு! மேலே ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அந்த வரியை எல்லாத்துலேர்ந்தும் எடுத்தாச்சு. இனிமே எந்த டாக்டர் அதை ஒட்டினாலும் சிஸ்டமே ஏத்துக்காதாம். உங்களாலதான்.”

“டாக்டருங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா சார்?”

“எதுக்குக் கேக்கணும்? பதினோரு பேர் ஒரே மாதிரி பேசுவாங்களா?”

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் கணவர் வலது கண்ணை மூடிக்கொண்டு காபி குடித்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவர். தினமும் பத்துப் பேர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொண்டு வருவதாக அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவியையும் கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

“என்னங்க, கண்ணடிக்கறீங்களா?”

“வயசான காலத்துல உன்னைப் பார்த்து எதுக்குக் கண்ணடிக்கணும் மேடம். கூசுது. நேத்து வெயில்ல ரொம்ப நேரம் ஓட்டிட்டேன்.”

எட்டு வயது மகள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அப்பாவைப் போல ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டினாள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூவரும் சிரித்தார்கள். வலது கண், கடைசி இலக்கம் ஒன்று என்று அவள் மனம் தன்னால் குறித்துக்கொண்டது. தொழில் புத்தி.

வெள்ளிக்கிழமை இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. அன்று அவர் பாதி நாளில் வீடு திரும்பிவிட்டார். நேரான காலிச் சாலையில் திடீரென்று பிரேக்கை மிதித்திருக்கிறார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் அழுதுவிட்டாளாம்.

“யாராவது குறுக்கே வந்தாங்களா?”

“வந்த மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் அவள் எழுந்து வந்தபோது கூடத்து ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. திரை போதாத இடத்தில் போர்வை தொங்கியது. போர்வைக்கும் சுவருக்கும் நடுவே கத்தி மாதிரி ஒரு கீற்று உள்ளே வந்துகொண்டிருந்தது, அதில் தூசி மெதுவாக மிதந்தது, மூடிய அறையின் வியர்வை வாடையும் கண் மருந்தின் கசப்பு வாடையும் கலந்து அடித்தன. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் எப்போதையும்விடப் பெரிதாகக் கேட்டது. அவர் அந்தக் கீற்றுக்கு முதுகைக் காட்டி, சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. மூடுவது என்றால் தூங்கும்போது மூடுவது போல அல்ல. முகத்தின் சதை முழுவதையும் கண்ணுக்குள் இழுத்துப் பூட்டியது மாதிரி.

“ஏங்க, ரொம்பக் கூசுதா?”

அவர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

“வெளிச்சம் கூசலை,” என்றார். “வெளிச்சத்துல ஒருத்தர் முதுகைக் காட்டிட்டு நிக்கறார். கண்ணை இறுக்க மூடித் திறந்தா பின்பக்கமாவே ஒரு அடி என் பக்கம் நகர்றார்.”

அவள் கையில் இருந்த தம்ளர் சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. அவள் இதை வீட்டில் சொன்னதே கிடையாது. குறிப்பில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு, அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

பதினொரு பேர் ஒரே மாதிரி பேசுவார்களா? பேசியிருக்கிறார்கள். யாரும் எதையும் ஒட்டவில்லை. பதினொரு பேர் தங்கள் வாயால் சொன்னதை ஒன்பது மருத்துவர்கள் நாணயமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவள் போய் அழித்துவிட்டாள்.

“யாரு மாதிரி இருக்காங்க?” குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“தெரியலையே. முதல்ல ரோட்டு முனையில நின்னார். அப்புறம் வீட்டு வாசல்ல. இப்போ அந்த ஜன்னல்கிட்ட. ஆம்பளைதான். கோடு போட்ட சட்டை. காலர்ல பின்பக்கம் தையல் விட்டிருக்கு. இடது காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு, சுட்ட தழும்பு மாதிரி. எங்கேயோ பார்த்த மாதிரியே இல்லை. அதுதான் பயமா இருக்கு.”

அவள் அவரைப் பார்த்தாள். கோடு போட்ட சட்டை. காலரின் பின்பக்கத் தையலைப் போன வாரமே போட வேண்டும் என்று நினைத்து மறந்திருந்தாள். இடது காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பு, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பட்டது. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? அவர் பார்த்ததில்லை. பதினைந்து வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பையை வைத்த கையோடு அந்தப் பதினொரு குறிப்புகளைத் திறந்தாள். அந்த ஒரு வரி மட்டுமல்ல, ‘நோயாளி சொன்னது’ என்ற இடமே பதினொன்றிலும் வெறுமையாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், ஒட்டப்பட்ட வாசகம் நீக்கப்பட்டது என்று இருந்தது. பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் அவளுடைய பணி எண்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகும் அவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்களா? எப்படித் தப்பினார்கள்? எத்தனை அடி மிச்சம் இருந்தது? நினைவைப் பிசைந்து பிசைந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. படித்தால்தானே வருவதற்கு.

மிச்சம் இருந்தது அவளே தினமும் குறித்துவைக்கும் பட்டியல்தான். குறிப்பின் எண், தேதி, போட்ட குறியீடு. அந்தப் பதினொரு பேரையும் அதில் தேடிக் கோடு போட்டாள். எல்லாருக்கும் ஒரே வரிசை. ஒன்று. பிறகு மூன்று. பிறகு, ‘கூச்சம் நீங்கியது, மறுவருகை தேவையில்லை.’ இப்படி முடியும் குறிப்புகள் அவளுக்கு மிகவும் பிடிக்கும், சீக்கிரம் வேலை முடியும். அந்தக் கடைசிக் குறிப்புகளைத் திறந்து படித்தாள். நோயாளி நலமாக இருக்கிறார். விளக்கை நேராகப் பார்க்கிறார். இமைப்பதில்லை.

பதினொன்றிலும் அப்படியே. இமைப்பதில்லை, இமைப்பதில்லை, இமைப்பதில்லை.

நிம்மதி வரவேண்டிய இடம் அது. எல்லாருக்கும் சரியாகிவிட்டதே. ஆனால் அவளுக்கு வியர்த்தது. தலைக்கு மேல் குழல்விளக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எண்களின் வால் கண்ணில் பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரே எண் கொடுப்பார்கள். குடும்பத் தலைவருக்கு அதன் பின்னால் பூஜ்யம் ஒன்று, துணைக்கு பூஜ்யம் இரண்டு, பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு. பதினொரு பேர் என்று நினைத்தது பதினொரு தனி ஆட்கள் இல்லை. நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்குக் கூச்சம் நீங்கிய நாளிலேயே இன்னொருவருக்குத் தொடங்கியிருந்தது. யாருக்குத் தொடங்கியது என்று பார்க்க, அவள் வாழ்க்கையில் முதல் முறையாக, ‘உடன் வந்தவர்’ வரியைப் படித்தாள்.

உடன் வந்தவர்: மனைவி. அடுத்த குறிப்பு மனைவியுடையது. உடன் வந்தவர்: மகள். அடுத்தது மகளுடையது.

முதல் ஆளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது ஆளுக்கு நான்கே நாள். மூன்றாவது ஆளுக்கு, எந்த வீட்டிலும், ஒரு நாள்கூட ஆகவில்லை.

டீம் லீடிடம் ஓடினாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நம்பாதவர்கள் கேட்பார்களே, அந்தப் பொறுமை.

“மேடம், கண்ணு நோய் வீட்டுல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்தறது புதுசா? வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, மனசு அலைபாயுது. இன்னிக்கு லீவு போட்டுட்டுப் போய் டாக்டரைப் பாருங்க.”

“அந்த வரியை மறுபடி போட முடியாதா சார்? நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அழிச்சது அழிச்சதுதான். நீங்கதானே அப்படிக் கேட்டீங்க?”

அவளுக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. தொத்து நோயாக இருக்கட்டும். அழற்சி, புண், நரம்புக் கோளாறு, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். காரணம் என்று ஒன்று வந்துவிட்டால் கூச்சத்தின் குறியீடு தானாக விழுந்துவிடும். ஒரு சொல், மருத்துவர் கையால் ஒரே ஒரு சொல் கிடைத்தால் போதும்.

மதியம் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அவர் வரமாட்டேன் என்றார், பிறகு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பதிவு மேசையில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துத் தட்டினாள். “நீங்க என்ன வேணும்? மனைவியா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அதையும் தட்டினாள்.

மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுகிறவர். கணவர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அதையும் எழுதினார். கணினி ஒரு முறை சிணுங்கியது. மருத்துவர் மறுபடி எழுதினார். மறுபடி சிணுங்கியது.

“இது சேவ் ஆகமாட்டேங்குது. ஏற்கெனவே வேற குறிப்புல இருந்த வாசகமாம். புதுசா ஒரு தடை போட்டிருக்காங்க.” அவர் கையை விரித்தார். “பரவாயில்லை. ரெண்டு கண்ணும் கூசுதுன்னு மட்டும் போட்டுக்கறேன்.”

“வேற வார்த்தையில எழுதுங்க டாக்டர். எப்படியாவது எழுதிடுங்க.”

“அதனால என்னம்மா ஆகப்போகுது? கண்ணைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்.”

பரிசோதனைக் கருவி அறையின் நடுவே இருந்தது. தாடையை வைக்க ஒரு கிண்ணம், நெற்றியை அழுத்த ஒரு பட்டை, அதற்கு நேரே மெல்லிய கோடாக விழும் வெள்ளை வெளிச்சம். கட்டை அவிழ்த்ததும் அவர் உடம்பு விறைத்தது. தாடையை வைத்தார், உடனே எடுத்தார். மறுபடி வைத்தார்.

“தலை ஆடுது. அம்மா, பின்னாடி நின்னு லேசாப் பிடிச்சுக்கங்க.”

அவள் பின்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தாள். விட்டுப்போன காலர் தையல். காதுக்குப் பின்னால் தழும்பு. கட்டை விரலுக்கு அடியில் அவர் கன்னப்பொட்டு துடித்தது.

“வேண்டாம் மேடம்,” என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “ஒரு அடிதான் இருக்கு.”

பிடியை விட்டிருக்கலாம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மனம் அந்த இடத்திலேயே போய் நின்றது. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சொல். மருத்துவர் கருவிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார்.

“ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க. டாக்டர் பார்த்துடுவார்.”

அழுத்திப் பிடித்தாள்.

“கண்ணை இறுக்க மூடுங்க,” என்றார் மருத்துவர். “இப்போ திறங்க.”

திறந்தார்.

அவள் கைக்குள் அவர் தலை ஒரு முறை பின்னால் வந்து இடித்தது, யாரோ முன்னால் இருந்து சாய்ந்து உட்கார்ந்தது மாதிரி. பிறகு ஆட்டம் நின்றுவிட்டது. கன்னப்பொட்டில் துடிப்பு இல்லை. பல்லிடுக்கில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தமும் நின்று, அறையில் விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

“அட, நல்லாத்தானே இருக்கு,” என்றார் மருத்துவர். “இப்போ கூசுதா?”

“இல்லை டாக்டர். சரியாயிடுச்சு.”

குரல் அவருடையதுதான். அதில் ஒரு குறையும் இல்லை. மருத்துவர் எழுதினார். எழுதியதை அவள் தோள் வழியே படித்தாள். கூச்சம் நீங்கியது. விளக்கை நேராகப் பார்க்கிறார். இமைப்பதில்லை.

இந்த முறை கணினி சிணுங்கவில்லை.

திரும்பும்போது அவர்தான் காரை ஓட்டினார். மேற்கே போகும் சாலை. நான்கு மணி வெயில் கண்ணாடி முழுவதும் அடித்தது. பக்கத்தில் போன ஓட்டுநர்கள் எல்லாம் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெயில் மறைப்பைக்கூட இறக்கவில்லை. சூரியனை நேராகப் பார்த்தபடி, அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார். அவள் அவர் இமைக்காகக் காத்திருந்தாள். முதல் சிக்னல் போனது. இரண்டாவது போனது. இமை அசையவே இல்லை.

“ஏங்க.”

“ம்?”

“என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கார் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் பார்த்தார். பதில் சொல்லாமல் மறுபடி சூரியனைப் பார்த்தார்.

அப்போது அவள் வலது கண்ணில் ஓர் உறுத்தல். மணல் விழுந்த மாதிரி. தன்னை மீறிக் கண்ணை இறுக்க மூடித் திறந்தாள்.

சாலையின் கோடியில், வெயிலின் நடுவே, ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் இருக்கையோடு ஒட்டிக்கொண்டாள். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தப் பெண் அதே தொலைவிலேயே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. மூடக்கூடாது. மூடக்கூடாது என்று நினைக்க நினைக்க எரிந்தது. மூடிவிட்டாள். திறந்தபோது அந்தப் பெண்ணின் பின்னல் தெரிந்தது. அடுத்த முறை பின்னலின் நுனியில் கட்டியிருந்த கறுப்பு ரப்பர் தெரிந்தது. காலையில் அவசரத்தில் அவள் கையால் போட்டுக்கொண்டது.

வீட்டு வாசலில் இறங்கியபோது அந்தப் பெண் வாசலில் நின்றாள். அவளைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. கடந்தபோது யாரும் இல்லை. கூடத்துக்குள் வந்ததும் இருட்டு அவளைப் போர்த்திக்கொண்டது. மூடிய திரைகள், போர்வைகள், அந்த வியர்வை வாடை. எவ்வளவு நல்ல இருட்டு. அவர் இதற்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கலாம். அவள்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

சரக்.

முதல் திரை. வளையங்கள் கம்பியில் ஓடும் சத்தம்.

“ஏங்க, வேண்டாங்க. திரையைத் திறக்காதீங்க.”

சரக். இரண்டாவது. அவர் அவசரமே படவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போனார். போர்வையை எடுத்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்தார். வெயில் கூடத்தை நிரப்பியது. அவள் கண்கள் இரண்டும் எரிந்தன, தாமாக மூடின, தாமாகத் திறந்தன. கூடத்தின் மறுகோடியில் பெண்ணின் முதுகு. மூடித் திறந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம். ரவிக்கையின் பின்பக்கம் ஒரு ஊக்கு மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. மூடித் திறந்தாள். பின்னங்கழுத்தின் சின்ன முடிகள். இரண்டு அடி இருக்கும். அதற்கும் குறைவாக.

மூடினாள். முகத்தின் சதை முழுவதையும் கண்ணுக்குள் இழுத்துப் பூட்டினாள். இனிமேல் திறக்கமாட்டாள். செத்தாலும் திறக்கமாட்டாள்.

அப்புறம்தான் நேரம் நினைவுக்கு வந்தது.

நாலரை. பள்ளி வேன்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. இரண்டு முறை, எப்போதும் போல. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட வேண்டும், வாசலுக்கு ஓட வேண்டும், பிள்ளையை வேனை விட்டு இறங்காமலே திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணைத் திறக்காமல் எப்படி ஓடுவது? இருட்டில் தடவினாள். நாற்காலி விழுந்தது. சுவர் வந்தது, கதவு வரவில்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஒரு நாள்கூட.

“உள்ளே வராதே!” கத்தினாள். “வாலு, வராதே, ஓடிடு!”

ஷூ சத்தம். ஓடி வரும் சத்தம். பை தரையில் விழும் சத்தம்.

“அப்பா! கண்ணு சரியாயிடுச்சா? ஐ, வீடு பூரா வெளிச்சம்! அம்மா ஏன் இப்படி நிக்கறாங்க?”

“அம்மா கண்ணாமூச்சி ஆடறாங்க,” என்றது அவர் குரல். “போய்த் திறந்து விடு.”

“வேண்டாம்டா கண்ணு, அம்மாவைத் தொடாதே, வெளியே போ...”

பிள்ளை சிரித்தது. அதற்கு எல்லாமே விளையாட்டுதான். சின்னக் கைகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன. நாற்காலியை நிமிர்த்தி இழுத்து வரும் சத்தம், அதன் மேல் ஏறும் சத்தம். பென்சில் வாடை அடிக்கும் விரல்கள் அவள் முகத்தைத் தொட்டன. அவள் அந்தக் கைகளைப் பிடித்தாள், தள்ள முடியவில்லை. பின்னாலிருந்து வேறு இரண்டு கைகள் வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டன. லேசாக. அவள் பிடித்த மாதிரியே.

“ஒரு நிமிஷம் பொறுத்துக்கம்மா,” என்றாள் மகள் ஆசையாக, வலது இமையை இரண்டு விரலால் பிரித்தபடி. “நான் பார்த்துட்டேன். திற.”

வெளிச்சம். முகத்துக்கு நேரே, மூச்சுப் படும் தூரத்தில், அவளுடைய பின்னங்கழுத்து, பின்னலின் மேல் முடிச்சு. அந்தக் கூந்தலுக்கு அப்பால், நாற்காலியில் நின்று, அவளை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். பார்த்துக்கொண்டே வலது கண்ணைக் கசக்கினாள். பிறகு இறுக்க மூடினாள்.